பாலிசியின் விறகு

மட்பாண்டக் கலையின் சரித்திரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டில், பிரான்ஸ் தேசத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஸாந்த் என்னும் சிறு நகரத்தில், பெர்னார் பாலிசி என்பவர் தாம் கட்டிய சூளையின் முன்னே ஆறு பகலும் ஆறு இரவும் கண்ணுறங்காமல் விறகிட்டும் பாத்திரங்களின் மேற்பூச்சு உருகாமற் போகவே, புதிதாகப் பூச்சு அரைத்து, புதிதாகப் பாத்திரம் வாங்கி, மறுபடியும் தீ மூட்டி, இம்முறை விறகே தீர்ந்துபோன நிலையில் தோட்டத்துக் கொடிகளைத் தாங்கி நின்ற கால்களைப் பிடுங்கி எரித்து, அவையும் போதாமல் மேஜைகளை உடைத்து எரித்து, கடைசியில் வீட்டுத் தரையில் பாவியிருந்த பலகைகளையும் பெயர்த்துச் சூளை வாயில் திணித்தார் என்பதே அது. ஸாமுவேல் ஸ்மைல்ஸ் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸெல்ப் ஹெல்ப்’ என்னும் நூல் இதனை விடாமுயற்சிக்கு ஓர் உதாரணமாக எடுத்துக் காட்டியது; ஆங்கிலக் கல்வி பரவிய இடமெல்லாம் அந்நூலும் உடன் பரவி, அதனோடு பாலிசியும் மாணவர்களுக்கு உபதேசிக்கப்படும் மகாபுருஷர்களுள் ஒருவராகிவிட்டார்.

கதை பொய்யன்று; பாலிசியே 1580இல் அச்சிட்ட தம் நூலில் எழுதிவைத்தது. ஆயினும் இதனைச் சொல்லி மகிழ்ந்தவர்கள் எல்லோரும் அந்த மனிதரின் நெஞ்சுறுதியைப் பார்த்தார்களேயன்றி அவர் எரித்த மரத்தைப் பார்க்கவில்லை என்பது என் குறை. அம்மரத்தைப் பற்றித் தம் காலத்திலேயே கவலைப்பட்டவர், அதுவும் அச்சிட்ட எழுத்தில் கவலைப்பட்டவர், அந்தப் பாலிசிதான். இன்று பவளப்பாறை வெளிறுவதையும் காடு அழிவதையும் பண்டங்கள் மலைபோற் குவிவதையும் களிமண்ணில் வனைந்து காட்டும் கலைஞர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். அவர்கள் முயற்சி புதிதென்று நினைப்பவர்கள் இந்த ஸாந்த் நகரத்துக் குயவரின் வரலாற்றைச் சற்று நின்று நோக்குவது தகும்.

1510ஆம் ஆண்டை ஒட்டித் தென்மேற்குப் பிரான்ஸில் பிறந்த அவர், முதலில் கற்றது கண்ணாடியில் சித்திரம் தீட்டும் தொழில். நிலம் அளக்கவும் படம் வரையவும் அறிந்தவர். லத்தீனும் கிரேக்கமும் அறியாதவர். ஊர் ஊராகத் திரிந்தபின் 1540ஐ ஒட்டி ஸாந்தில் குடும்பத்தோடு தங்கிவிட்டார். அங்கே ஒருநாள் யாரோ காட்டிய வெண்பூச்சிட்ட மண்கிண்ணம் ஒன்றின் அழகு அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. அப்பூச்சின் இரகசியத்தைக் கண்டறிவேன் என்று புறப்பட்ட அவருக்குக் களிமண்ணின் குணமும் தெரியாது, சூளையின் குணமும் தெரியாது. வெள்ளீயம் கலந்த வெண்பூச்சு இத்தாலியில் நெடுங்காலமாகப் பழகிவந்த வித்தை. பிரான்ஸிலேயே ரூவான் நகரில் மாஸெயோ அபாகேன் என்பவர் அவ்வித்தையில் தேர்ந்து, எகுவான் மாளிகைக்கு 1542ஆம் ஆண்டுத் தேதியிட்ட தரையோடுகளைச் செய்து கொடுத்திருக்கிறார். அங்கே போய் ஓராண்டு பணிந்து கற்றிருந்தால் பாலிசிக்குப் பதினைந்து ஆண்டுத் துன்பம் மிச்சமாகியிருக்கும். போகவில்லை. ஒரு பிடிவாதக்காரரின் சரித்திரம் இது என்பதை நாம் மறக்கலாகாது.

அவர் செய்த பரீட்சைகளின் முறை கவனிக்கத்தக்கது. மலிவான மண்சட்டிகளை வாங்கி ஓடுகளாக உடைத்து, தாம் அரைத்த மருந்துச் சரக்குகளின் கலவையை ஒவ்வோர் ஓட்டின்மேலும் தடவி, எதில் எது எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த குயவர்களின் சூளைக்கு அனுப்புவார். குயவர் சூளையின் சூடு அதற்குப் போதவில்லை. பின்னர்க் கண்ணாடி உருக்கும் உலைக்கு முந்நூறுக்கு மேற்பட்ட கலவை ஓடுகளை ஓர் ஆளின்மேல் ஏற்றிக்கொண்டு போனார். அவற்றுள் ஒன்றேயொன்று நான்கு மணி நேரத்தில் உருகி, ஆறியபின் வெண்மையாக மின்னியது. அந்த ஓர் ஓட்டை நம்பித்தான் அவர் தம் வீட்டிலேயே சூளை கட்டத் துணிந்தார். கல்லும் சாந்தும் தாமே சுமந்தார், தண்ணீரும் தாமே இறைத்தார். தரைப்பலகை எரிந்த செய்தியை, அவருக்குத் துணைநிற்கவேண்டியவர்களே ஊரெல்லாம் சொல்லிப் புலம்பினர். கள்ள நாணயம் அடிக்கிறான் என்று அயலார் பேசினர். கால்களில் சதை வற்றி, கட்டிய நாடா நில்லாமல், நடக்கும்போதே காலுறைகள் குதிகாலில் வந்து விழுந்தன என்று அவரே எழுதுகிறார். இன்னொரு முறை, சூளைச் சாந்தில் கலந்திருந்த சிக்கிமுக்கிக் கற்சில்லுகள் சூட்டில் வெடித்து, உருகிக்கொண்டிருந்த பூச்சில் தெறித்து ஒட்டிக்கொண்டன. கடன்காரர்கள் வாசலில் நிற்க, குறைவிலைக்கு வாங்கிக்கொள்ள ஆட்கள் இருந்தும், பழுதுபட்ட பொருளை விற்று மானம் இழப்பதில்லை என்று அத்தனையையும் உடைத்துப் போட்டார்.

சூளை என்பது பசியறியாத பொருளன்று. பச்சை மண்ணின் ஈரத்தை முதலில் மெதுவாகப் போக்கவேண்டும். பிறகு சுவர்க்கற்கள் அனைத்தும் செந்தணலாகும்வரை சூடேற்றவேண்டும். இட்ட விறகில் பெரும்பகுதி கல்லையும் காற்றையும் காய்ச்சுவதிலேயே தீர்ந்துபோக, எஞ்சிய சிறுபகுதியே பாத்திரத்தைச் சுடுகிறது. ஒரு பாத்திரம் பிழைத்து வெளிவருவதற்கும் ஆயிரம் பாத்திரம் உடைந்து வெளிவருவதற்கும் காடு கொடுக்கும் விலை ஒன்றேதான். பதினைந்து பதினாறு ஆண்டுகள் இந்தக் கணக்கைத் தம் கையாலேயே போட்டுப் பார்த்தவர் பாலிசி.

இதற்கு நடுவே 1543ஐ ஒட்டி, அரசாங்கத்தார் அந்தப் பிரதேசத்தில் உப்பு வரியை நிலைநாட்ட எண்ணி, கடற்கரை உப்பளங்களை அளந்து படம் எழுதும் வேலையை அவருக்குக் கொடுத்தனர். வருமானம் கிடைத்தது, அதைவிடப் பெரிய லாபம், அந்தச் சதுப்பு நிலங்களின் நண்டும் சிப்பியும் நத்தையும் நாணலும் அவர் கண்ணுக்குப் பழகியது. வெண்கிண்ணத்தைத் தேடிப் புறப்பட்டவர் கடைசியில் வெண்கிண்ணம் செய்து புகழ் பெறவில்லை. அவருடைய பெயரை நிலைநிறுத்தியவை அவர் ‘நாட்டுப்புற மண்ணுருக்கள்’ என்ற பொருள்பட வழங்கிய விசித்திரத் தட்டுகள்.

அத்தகைய தட்டு ஒன்றைக் கிட்ட நின்று பார்ப்போம். ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள நீள்வட்டம். நடுவே ஒரு சிறு தீவு. அதன்மேல் ஒரு பாம்பு சுருண்டு தலை தூக்கியிருக்கிறது. தீவைச் சுற்றி நீலமும் பசுமையும் கலந்த நீரோட்டம். அதில் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீந்துகின்றன. விளிம்பு முழுவதும் பெரணி இலை, பாசி, சிப்பி, பல்லி, தவளை, நன்னீர் இறால். பாம்பின் செதிலும் தவளைத் தோலின் மருவும் இலையின் நரம்பும் ஒன்றும் விடாமல் தெரிகின்றன. தெரிவதற்குக் காரணம், அவை கையால் வனைந்தவையல்ல, மெய்யான பிராணிகளின்மேலும் இலைகளின்மேலும் அச்செடுத்து, அந்த அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்தவை. அதன்மேல் ஈயம் கலந்த கண்ணாடிப் பூச்சு. பச்சைக்குச் செம்பு, நீலத்துக்குக் கோபால்ட், கபிலத்துக்கு மாங்கனீஸ், மஞ்சளுக்கு இரும்பு. சூட்டில் இந்தப் பூச்சுகள் சற்றே ஓடி ஒன்றோடொன்று கலக்கையில் எல்லாம் நீருக்கடியில் நனைந்து கிடப்பதுபோன்ற தோற்றம் வந்துவிடுகிறது. உணவு பரிமாற ஒருபோதும் உதவாத தட்டு. ஒரு குட்டையின் வாழ்வை முழுதாகப் பிடித்து வைத்த சித்திரம் என்றே சொல்லவேண்டும்.

அந்தக் குட்டையின் பிராணிகள் அச்சுக்குள் புகுவதற்கு முன் கொல்லப்பட்டன. இயற்கையின்மேல் இத்தனை பிரியமுள்ள ஒருவர், அந்தப் பிரியத்தை வெளியிடுவதற்குப் பல்லியைக் கொல்லவேண்டியிருந்தது. மரத்தின் அழிவுக்கு வருந்தியவர், வருத்தத்தைச் சொல்லும் கலைக்கே மரத்தை எரிக்கவேண்டியிருந்தது. இதனைக் கபடம் என்று நான் கருதவில்லை. தாம் எதை எரிக்கிறோம் என்று அறிந்து எரித்தவருக்கும் அறியாமல் எரித்தவருக்கும் வேற்றுமை உண்டு. பாலிசி அறிந்தவர் என்பதற்குச் சாட்சி அவருடைய முதல் பெரிய நூல்.

அந்நூல் வெளிவந்த சந்தர்ப்பமே துயரமானது. பாலிசி புராட்டஸ்டண்டு மதத்தைத் தழுவியவர். 1562இல் மதப்போர் மூண்டபின் அவரைச் சிறையிலிட்டார்கள், பட்டறையும் சேதமாயிற்று. அவரது கலையில் மோகங்கொண்டு தமக்கு ஒரு குகைமண்டபம் செய்யப் பணித்திருந்த படைத்தலைவர் ஆன் தெ மொன்மொரான்சி, கத்தோலிக்கராகவே இருந்தும், அரசமாதா கேத்தரீன் தெ மெதிசியிடம் சொல்லி அவரை மீட்டார். எகுவானில் அபாகேனின் தரையோடுகளைப் பதித்தவரும் இந்தப் பிரபுவே. மறு ஆண்டு, 1563இல், லா ரொஷேல் துறைமுகத்தில் அச்சாகி வந்தது ‘மெய்யான செய்முறை’ என்ற கருத்துள்ள தலைப்புடைய நூல். இருவர் வினாவும் விடையுமாக உரையாடும் நடை. உழவு, எரு, தோட்டம், கோட்டை, ஸாந்தின் சிறு திருச்சபை வரலாறு என்று அதில் பலவும் விரவிக் கிடக்கின்றன.

அந்நூலில் காடு பற்றிய பகுதி சிறிது. ஆனால் அதன் வேகம் பெரிது. நட்டு வளர்க்கும் எண்ணம் இல்லாமலே மடங்களும் ஆயர்களும் நிலப்பிரபுக்களும் உடனடிப் பணத்துக்காகக் காடுகளை வெட்டித் தள்ளுவதைக் கண்டு அவர் மனம் பதறுகிறது. இதைத் தவறு என்று சொல்வதும் போதாது, பிரான்ஸ் முழுவதற்கும் வந்த சாபம் என்கிறார். பிறகு அவர் செய்வது ஒரு தொழிலாளியின் மூளையில் மட்டுமே உதிக்கக்கூடிய காரியம்: மரம் இல்லாமற் போனால் எந்தெந்தத் தொழில் நின்றுபோகும் என்று ஒரு ஜாபிதா எழுத உட்காருகிறார். எழுதிக்கொண்டே போகிறார், முடிவு காணவில்லை. கொல்லனுக்குக் கரி வேண்டும், தச்சனுக்குப் பலகை வேண்டும், கப்பலுக்கும் வண்டிக்கும் கலப்பைக்கும் மரம் வேண்டும். கடைசியில், மரத்தின் துணையின்றி நடக்கும் தொழில் ஒன்றுகூட இல்லை என்று கண்டு ஜாபிதாவைக் கைவிட்டுவிடுகிறார். பரிகாரமும் சொல்கிறார். நிலமுடையார் ஒவ்வொருவரும் தம் நிலத்தில் ஒரு பங்கை ஒதுக்கி ஓக்கும் அக்ரோட்டும் செஸ்ட்நட்டும் விதைக்கட்டும். அது ஊருக்குப் பொதுநன்மை, உடையவருக்கோ உறங்கும்போதே வளரும் வருமானம் என்பது அவர் வாதம். புண்ணியத்தைச் சொல்லி அழைக்காமல் லாபத்தைச் சொல்லி அழைத்தது அவருடைய உலக அனுபவத்தைக் காட்டுகிறது. ஆனாலும் கேட்பார் இல்லை. பிரான்ஸின் காடுகளைக் காக்கும் விரிவான சட்டம் கோல்பேர் என்னும் மந்திரியால் 1669இல்தான் வந்தது. அதுவும் பெரும்பாலும் அரசரின் போர்க்கப்பல்களுக்கு மரம் வேண்டும் என்பதற்காக.

எருவைப் பற்றி அவர் எழுதியதும் இதே நோக்கின் மறுபக்கம். குடியானவர்கள் எருக்குவியலைத் திறந்த வெளியில் மழைக்கு விட்டுவிட, கருநீராக அதன் சத்தெல்லாம் வழிந்து ஓடிவிடுவதை அவர் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார். விளைச்சல் நிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட உப்புகளை எரு நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. திருப்பிக் கொடாதவன் நிலத்தை வறியதாக்குகிறான் என்று அவர் விளக்கினார். ரஸாயன சாஸ்திரம் பிறவாத காலத்தில், உப்பளத்தை அளந்த ஒரு குயவருக்கு எட்டிய உண்மை இது.

பிற்காலத்தில் கேத்தரீன் ராணி அவரைப் பாரிஸுக்கு அழைத்து, துய்லரி அரண்மனைத் தோட்டத்தில் மண்ணுருக்களாலான குகைமண்டபம் ஒன்றைச் சமைக்கச் சொன்னார். அதன் முழு உருவம் இன்று இல்லை. 1980களில் லூவ்ர் காட்சிசாலையை விரிவாக்க நிலத்தைத் தோண்டியபோது பாலிசியின் பட்டறைக் கழிவுகளான ஓடுகளும் அச்சுகளும் ஏராளமாக வெளிப்பட்டன. உலகத்துக் காட்சிசாலைகளில் அவர் பெயரால் வழங்கும் தட்டுகளில் பல பிறர் செய்தவை. ஐயத்துக்கு இடமின்றி அவருடையவை என்று சொல்லத்தக்கவை பெரும்பாலும் குழியில் கிடைத்த இந்த உடைசல்களே. பாரிஸில் அவர் கட்டணம் வைத்துச் சாஸ்திரப் பிரசங்கங்களும் செய்தார். 1575ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், கேட்க வருவோர் ஒரு பொற்காசு தரவேண்டும், தாம் சொன்னது பொய்யென்று நிரூபித்தால் நான்காகத் திருப்பித் தருவதாக விளம்பரம் ஒட்டினார். புகழ்பெற்ற ரணவைத்தியர் ஆம்ப்ருவாஸ் பாரேயும் கேட்டவர்களுள் ஒருவர். பிற்பாடு கத்தோலிக்கக் கட்சி பாரிஸில் ஓங்கியபோது, எண்பது வயதை எட்டிய கிழவரை மதத்தைக் கைவிடாத குற்றத்துக்காகப் பஸ்தீல் சிறையில் அடைத்தனர். 1590ஐ ஒட்டி அங்கேயே இறந்தார்.

இனி, அவர் இறந்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் நிகழ்ந்ததை எண்ணினால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. தூர் நகரத்தில் அவிஸோ என்பவர் பாலிசியின் முறையை 1840களில் மீண்டும் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷையரில் மிண்டன் கம்பெனியார், லியோன் ஆர்னூ என்னும் பிரெஞ்சு நிபுணரை அமர்த்தி, அதே வகை வண்ணப் பூச்சுடைய பொருள்களைத் தொழிற்சாலையில் வார்த்து, 1851ஆம் ஆண்டு லண்டன் மகா கண்காட்சியில் வைத்தனர். பாலிசியின் பெயரே சரக்கின் பெயராயிற்று. ஒரு குட்டையின் உயிர்களைக் காணவைத்த கலை, நடுத்தர வகுப்பினர் வீட்டு அலமாரிக்கு மீன்சட்டியும் பூந்தொட்டியும் குடைத்தாங்கியுமாக ஆயிரக்கணக்கில் இறங்கியது. விறகுக்குப் பதில் நிலக்கரி; அந்த மாவட்டத்தின் வானமே புகை. பூச்சிலிருந்த ஈயமோ பூச்சுத் தொட்டியருகே நின்ற தொழிலாளர்களின், முக்கியமாக இளம்பெண்களின், உடம்பில் நஞ்சாக ஏறியது. ஸ்மைல்ஸின் நூல் பாலிசியைப் புகழ்ந்ததும் இந்தச் சரக்கு விற்றுத் தீர்ந்ததும் ஒரே காலத்தில் என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

நம் காலத்துக் கலைஞர்களில், அமெரிக்கரான கோர்ட்னி மேட்டிசன் கடல்வாழ் உயிரியலும் மட்கலையும் சேர்த்துப் பயின்றவர். 2011 முதல் அவர் செய்துவரும் பெரிய சுவர்ச்சிற்பங்களில், வண்ணமயமான பவளங்கள் சிறிது சிறிதாக நிறமிழந்து வெள்ளை எலும்புக்கூடாக மாறுவதைக் களிமண் காட்டுகிறது. இலையும் பாசியும் சிப்பியுமாகத் தட்டை நிரப்பிய பழைய கையின் உறவு இதில் தெளிவாகத் தெரிகிறது. சீனரான ஐ வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்ன் காட்சிசாலையில் பரப்பிய பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகள் வேறொரு கேள்வியைக் கேட்டன. ஜிங்தெஜென் நகரத்தில் 1600க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஒவ்வொரு விதையையும் கையால் கோடிட்டு முடித்தவை. பெருக்கி உற்பத்தி செய்யும் உலகைப் பற்றிய அந்தக் கலையே பெருக்கி உற்பத்தி செய்யப்பட்டது. மக்கள் அதன்மேல் நடந்து பார்க்கலாம் என்று திறந்தார்கள். சில நாட்களில் பீங்கான் தூசு எழுந்து மூச்சுக்கு ஆகாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். இதில் எதுவும் வாயுச் சூளையோ மின்சூளையோ இன்றி வெந்ததில்லை. சூளைக்கு எதை இட்டோம் என்று கண்காட்சிக் குறிப்பில் ஒரு வரியும் காணப்படாத இடத்தில், 1563ஆம் ஆண்டு நூலின் ஆசிரியர் இவர்களைவிட ஒருபடி நேர்மையானவர் என்றே சொல்வேன்.

ஆனாலும் இந்தக் கலைஞர்கள் பாலிசியிடம் கற்கவேண்டியதில் முதன்மையானது தட்டுமன்று, விறகுமன்று. 1580ஆம் ஆண்டு நூலில் கற்களைப் பற்றிய பகுதி ஒன்று இருக்கிறது. கடலுக்கு வெகு தூரத்திலுள்ள மலைப்பாறைகளில் சிப்பிகள் பதிந்து கிடப்பது இயற்கையின் விளையாட்டு என்று பண்டிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவை ஒரு காலத்தில் அதே இடத்து நீரில் மெய்யாகவே வாழ்ந்த உயிர்கள் என்று இவர் வாதிட்டார். லத்தீனும் கிரேக்கமும் தெரியாத ஒரு குயவர் இதைச் சொன்னதை 1720இல் ஃபோந்தனெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் வியந்து எழுதினார். சேகரித்த கற்சிப்பிகளைப் பாலிசி தம் கண்முன் பரப்பி, இன்றைய கடற்கரைச் சிப்பிகளோடு ஒப்பிட்டார். சில கற்சிப்பிகளுக்கு உயிருள்ள இனம் எங்கும் கிடைக்கவில்லை. உண்பதற்கு நல்லவை என்று மனிதர் மிதமிஞ்சிப் பிடித்ததால் அவற்றின் இனமே அற்றிருக்கலாம் என்று அவர் காரணம் கூறினார். அந்தக் காரணம் கற்சிப்பிகளுக்குப் பொருந்தாது. அவை மனிதன் தோன்றுவதற்கு முன்பே அழிந்தவை. ஆயினும் ஓர் இனம் பூண்டோடு அற்றுப்போகக்கூடும் என்பதையும், மனிதனின் வலையும் வயிறும் அதற்குப் போதும் என்பதையும் அவர் துணிந்து எழுதிவிட்டார். முதல் பாதியை ஐரோப்பியப் பண்டிதர்கள் ஏற்கத் தொடங்கியது, அழிந்துபோன யானைகளின் எலும்புகளைப் பற்றிக் கூவியே என்னும் பிரெஞ்சு விலங்கியலறிஞர் 1796ஆம் ஆண்டு பாரிஸில் தம் கட்டுரையை வாசித்தபின். குயவரின் நூல் அதே நகரத்தில் அச்சாகி அப்போது 216 ஆண்டுகள் ஆகியிருந்தன.